சேலத்துல இருந்து பெங்களூரு கிராஃப்ட் ப்ரூவரிக்கு: மூக்கை பழக்கறதுல ஆரம்பிச்சு வீடு திரும்பற வரைக்கும் முழு வழிகாட்டி

முதல் தடவை பெங்களூருல ஒரு ப்ரூவரியில, அதாவது பீரை அங்கேயே காய்ச்சித் தர்ற இடத்துல உக்காந்து மங்கலா மஞ்சளா இருந்த ஒரு பீரை குடிச்சப்போ, கூட வந்த என் சித்தப்பா பையன் ஒரே வாய் குடிச்சுட்டு "அண்ணா, இதுல மல்லி வாசம் வருது"ன்னான். பக்கத்து டேபிள்ல வந்த சிக்கன் வாசத்தை சொல்றான் போலன்னு நாங்க கண்டுக்கல, அப்புறம் கொண்டு வந்து வச்சவர்கிட்ட கேட்டா "ஆமா சார், கொத்தமல்லி விதையும் ஆரஞ்சு தோலும் போட்டுதான் காய்ச்சறோம்"னு சொன்னார். தம்பி வீட்டுக்கு செவ்வாய்ப்பேட்டையில மளிகைக் கடை, சின்ன வயசுல இருந்து மல்லி மூட்டைக்கு நடுவுல வளர்ந்தவன். அதுக்கு முன்னாடி அவன் கிராஃப்ட் பீர்னு ஒண்ணைக் கண்ணால கூட பார்த்தது இல்ல, ஆனா பத்து வருஷமா குடிக்கற எங்களுக்கு பிடிபடாதது அவன் மூக்குக்கு உடனே பிடிபட்டுச்சு.

அதனாலதான் இந்த வழிகாட்டியை ட்ரிப்ல ஆரம்பிக்காம மூக்குல ஆரம்பிக்கறேன். இருநூறு கிலோமீட்டர் போய் அவசரமா ரெண்டு பெரிய கிளாஸ் அடிச்சுட்டு வர்றதுக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்ல. நாலஞ்சு சின்ன கிளாஸை நிதானமா குடிச்சு, ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு நினைக்கறவங்களுக்கு இது. 21 வயசு ஆகாதவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, மாத்திரை மருந்து சாப்பிடறவங்க, குடியை விட்டவங்க, இவங்க யாருக்கும் இது கிடையாது, கூட வர்ற அப்படிப்பட்டவங்களை ஒரு வாய் குடின்னு வற்புறுத்தவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு தூரம் போகணும்?

அங்கேயே காய்ச்சி அங்கேயே டேங்க்ல இருந்து ஊத்தித் தர்ற இடம் நம்ம சேலத்துலயும் இல்ல, ஏற்காட்டுலயும் இல்ல. நம்ம ஊருக்கு இதுல தனி வரலாறே இருக்கு, 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதல்ல கொண்டு வந்தது சேலம் ஜில்லாவுலதான், அவர் வக்கீலா இருந்து முனிசிபாலிட்டி சேர்மனாவும் இருந்த ஊர் இது. மதுவிலக்கு வந்து போய் வந்து போய், இப்போ டாஸ்மாக் இருக்கு, ஆனாலும் குடிக்கறதை யாருக்கும் தெரியாம வேகமா முடிச்சுட்டு வந்துடணும்ங்கற பழக்கம் நம்மகிட்ட அப்படியே இருக்குன்னு எனக்குத் தோணுது. வேகமா குடிச்சா ருசி எங்க தெரியும்?

இன்னொரு காரணம், ஃபேக்டரி பாட்டில் பீரை பெரும்பாலும் ஃபில்டர் பண்ணி, சூடு காட்டி பாஸ்சரைஸ் பண்ணித்தான் அடைப்பாங்க, மாசக்கணக்குல கெடாம இருக்கணும் இல்லையா. சின்ன ப்ரூவரியில பல பீர் ஃபில்டர் பண்ணாம, நொதிக்க வைக்கற ஈஸ்ட்டோடவே வரும், அதனாலதான் அந்த மங்கல். அது இருக்கற இடத்துக்கு நாம போனாதான் உண்டு.

ஸ்டெப் 1: ரெண்டு வாரம் முன்னாடி, வீட்லயே மூக்கு பயிற்சி

லீ பஜார் பக்கம் போனீங்கன்னா இதுக்கு வேண்டியதுல பாதி ஒரே கடையில கிடைச்சுடும். மல்லி விதை, கிராம்பு, பட்டை, மிளகு, வெல்லம், கருப்பட்டி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்க. நல்லா பழுத்து தோல்ல கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒண்ணு, ஆரஞ்சு தோல், பிரெட்டோட ஓரம், நல்லா வறுத்த காபிக் கொட்டை. தனித்தனி டம்ளர்ல போட்டு மூடி வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு யாரையாவது ஒவ்வொண்ணா நீட்ட சொல்லி பேர் சொல்லிப் பாருங்க. எங்க வீட்ல அம்மா எல்லாத்தையும் சரியா சொன்னாங்க, நாங்க மூணு பேர் கிராம்புக்கும் பட்டைக்கும் குழம்பினோம்.

முகர்றப்போ ஒரேயடியா நீளமா இழுக்காதீங்க. சின்னச் சின்னதா ரெண்டு மூணு தடவை இழுத்து, நிறுத்தி, நடுவுல உங்க சட்டைக் கையையே ஒரு தடவை மோந்துட்டு அடுத்ததுக்கு போங்க. ஒரே வாசத்தை தொடர்ந்து மோந்தா மூக்கு அதை கண்டுக்காம விட்டுடும்.

காபிக்கு நமக்கு ஏற்காடு பக்கத்துலயே இருக்கு. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் அது, இன்னிக்கும் சில்வர் ஓக் மரத்து நிழல்ல அராபிகா செடி, மரத்துல ஏறுற மிளகுக் கொடின்னு எஸ்டேட் எஸ்டேட்டா இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை மேல போனீங்கன்னா ஒரே காபியை லேசா வறுத்தது, கருக வறுத்தது ரெண்டும் நூறு நூறு கிராம் வாங்கிட்டு வந்து பால், சக்கரை இல்லாம போட்டு பக்கத்துல பக்கத்துல வச்சு குடிங்க. லேசா வறுத்ததுல ஒரு புளிப்பு வரும், கருக வறுத்ததுல கசப்பும் புகையும் வரும், இந்த வித்தியாசம் நாக்குல பதிஞ்சுடுச்சுன்னா பின்னாடி ஸ்டவுட்ங்கற கருப்பு பீர் குடிக்கறப்போ பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா பீர்லயும் கருப்பு நிறமும் அந்தக் கசப்பும் தானியத்தை வறுக்கறதுல இருந்துதான் வருது.

ஸ்டெப் 2: பீர் எப்படி ஆகுதுன்னு சுருக்கமா

தண்ணி, பார்லி மால்ட், ஹாப்ஸ்ங்கற ஒரு கொடியோட பூ, ஈஸ்ட், அவ்வளவுதான். 1516ல ஜெர்மனியோட பவேரியாவுல போட்ட சட்டத்துல தண்ணி, பார்லி, ஹாப்ஸ் மூணு மட்டும்தான் சொல்லியிருந்தாங்க, ஈஸ்ட்னு ஒரு உயிர் இருக்கறதே அப்போ தெரியாது.

மால்ட்னா நம்ம வீட்ல குழந்தைக்கு கேழ்வரகை ஊற வச்சு, துணியில கட்டி முளைகட்டி, காய வச்சு மாவாக்குவாங்களே, அதே வேலை பார்லியில. முளை விடுறப்போ மாவுச்சத்தை சக்கரையா உடைக்கற என்சைம் உள்ள உருவாகும். அந்த மால்ட்டை நொறுக்கி 65ல இருந்து 68 டிகிரி சூட்டுத் தண்ணியில சுமார் ஒரு மணி நேரம் ஊற வச்சா சக்கரைத் தண்ணி கிடைக்கும், அதை வடிச்சு ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிக்க வச்சு, ஆற வச்சு ஈஸ்ட் போட்டா, ஈஸ்ட் சக்கரையை தின்னுட்டு ஆல்கஹாலும் கேஸும் விடும். வடிச்சப்புறம் மிஞ்சற சக்கை மாட்டுத் தீவனத்துக்கு போகும், நம்ம ஊர் ஜவ்வரிசி ஆலைகள்ல மிஞ்சற மரவள்ளித் திப்பி போற மாதிரியே.

ஏல், லாகர்னு ரெண்டு பெரிய பிரிவு. ஏல் ஈஸ்ட் 18ல இருந்து 22 டிகிரி வாக்குல வேலை செய்யும், ரெண்டு மூணு வாரத்துல பீர் ரெடி, பழ வாசம் நிறைய வரும். லாகர் ஈஸ்ட்டுக்கு 8ல இருந்து 12 டிகிரி குளிர்ச்சி வேணும், மாசத்துக்கு மேல ஆகும், ருசி சுத்தமா இருக்கும். சின்ன ப்ரூவரிகள்ல ஏல் அதிகமா இருக்கறதுக்கு டேங்க் சீக்கிரம் காலியாகுறதும் ஒரு காரணம்.

ஸ்டெப் 3: ஒரு சாதா பாட்டிலை வச்சு ஒத்திகை

இதை யாரும் பண்றதில்ல, ஆனா எனக்கு அதிகமா சொல்லிக் கொடுத்தது இதுதான். டாஸ்மாக்ல கிடைக்கற ஸ்ட்ராங் இல்லாத லாகர் பாட்டில் ஒண்ணு போதும், மூணு பேருக்கு.

முதல்ல கிளாஸ். விளக்கற சோப்போட பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாக்கூட நுரை நிக்காது, அதனால நல்லா அலசி கவுத்து வச்சு தானா காய விடுங்க, துணியால துடைக்காதீங்க. பீர் ஊத்தினதும் கிளாஸ் உள்பக்கம் அங்கங்க குமிழி ஒட்டிக்கிட்டு நின்னா அந்த இடம் அழுக்குன்னு அர்த்தம். ஊத்தறப்போ சாய்ச்சு ஆரம்பிச்சு, பாதிக்கு மேல நிமித்தி, ஒரு ரெண்டு விரக்கடை நுரை வர்ற மாதிரி ஊத்துங்க. நுரையை வேஸ்ட்னு நினைக்கறோம், ஆனா வாசத்தை மூக்குக்கு கொண்டு வர்றதே அந்த நுரைதான்.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் ஒரு கிளாஸ், கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணு, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணு. முதல் கிளாஸ்ல ஜில்லுங்கறது தவிர ஒண்ணும் தெரியாது, ரொம்ப குளிர்ந்தா நாக்கு மரத்துடும். மூணாவதுல இனிப்பு, தானிய வாசம், குறை இருந்தா குறை, எல்லாம் வெளிய வந்துடும். அந்த பீர் உங்களுக்கு மூணாவது கிளாஸ்ல பிடிக்கலன்னா அது இத்தனை நாளா குளிர்ச்சியால மட்டுமே பிடிச்சிருக்குன்னு புரியும்.

மிச்சம் இருக்கறதுல கொஞ்சத்தை கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி மொட்டை மாடி வெயில்ல பத்து பதினஞ்சு நிமிஷம் வைங்க, நம்ம ஊர் வெயில் தாராளமா போதும். ஹாப்ஸ்ல இருக்கற பொருள் வெளிச்சம் பட்டு மாறி ஒரு நாத்தம் வரும், பீர் பாட்டில் ப்ரவுன் கலர்ல வர்றதுக்கு இதுதான் காரணம். அதை மோந்து பார்த்துட்டு கொட்டிடுங்க.

ஸ்டெப் 4: குடிக்கற முறை

பாருங்க, மோந்து பாருங்க, குடிங்க, விழுங்குங்க, காத்திருங்க. பார்க்கறது பத்து செகண்ட் போதும்: நிறம், மங்கலா தெளிவா, நுரை எவ்வளவு நேரம் நிக்குது. கிளாஸை லேசா சுத்திட்டு மோந்து பாருங்க, அப்போ மனசுல என்ன வருதோ அதையே எழுதுங்க, ஊரு மொழியில எழுதுங்க. "ரஸ்தாளி", "பழைய அரிசி மூட்டை", "வறுத்த பொட்டுக்கடலை", எல்லாமே சரிதான், யாரோ எழுதி வச்ச வார்த்தையை கடன் வாங்கி எழுதினா அடுத்த தடவை படிச்சா உங்களுக்கே ஞாபகம் வராது.

வாய்ல ஒரு சின்ன மடக்கு எடுத்து நாக்கு முழுக்க பரவ விடுங்க. ஒயின் டேஸ்ட் பண்றவங்க துப்புவாங்க, பீர்ல விழுங்கணும், கசப்பு எவ்வளவு நேரம் தங்குதுங்கறது விழுங்கினப்புறம்தான் முழுசா தெரியும். விழுங்கிட்டு வாயை மூடி மூக்கு வழியா மூச்சை வெளிய விடுங்க, அந்த நேரத்துல வர்ற வாசம்தான் முக்கால்வாசி ருசி. அப்புறம் தண்ணி, ரெண்டு வாய் வெறும் பொரி. நான் எப்பவும் ஒரு பாக்கெட் பொரி கொண்டு போறேன், வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொன்னா உப்பில்லாத பிரெட் கேட்டு வாங்கிக்கலாம். தட்டுவடை செட், நொறுக்கல் எல்லாம் நமக்கு உயிர்தான், ஆனா பூண்டுச் சட்னியும் காரச் சட்னியும் நாக்குல ஏறினப்புறம் எந்த பீரும் ஒண்ணுதான், அதனால செட்டை அடுத்த நாள் வச்சுக்கோங்க.

அன்னிக்கு சென்ட், வாசத் தைலம் போடாதீங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, டேபிள்ல இருக்கற எல்லாருக்கும் கெட்டுடும்.

ஸ்டெப் 5: என்னென்ன பீர், எந்த வரிசையில

வெளிர்ல இருந்து கருப்புக்கு போகணும்னு சொல்லுவாங்க, அதை விட லேசுல இருந்து கனத்துக்கு, கசப்பு கம்மியில இருந்து அதிகத்துக்குன்னு வச்சுக்கறது சரி. ஐபிஏங்கற கசப்பான பீரை முதல்ல குடிச்சுட்டீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற மென்மையான பீர் வெறும் தண்ணியாத்தான் தெரியும்.

அரிசி சேர்த்த லேசான பீர் இருந்தா அதுல ஆரம்பிங்க. பெங்களூரு இந்திரா நகர்ல டாய்ட்ங்கற ப்ரூவரியில பாஸ்மதி பிளாண்ட்னு ஒண்ணு பேர் வாங்கினது, அரிசி சேர்த்தா உடம்பு லேசாகி வறண்ட முடிவு வரும்.

அடுத்து பெல்ஜியன் விட்ங்கற கோதுமை பீர். தம்பி கண்டுபிடிச்ச மல்லி விதை பீர் இதுதான். மல்லி இதுல ரசப்பொடி மாதிரி காரமா வராது, நசுக்கின பச்சை விதையில வர்ற எலுமிச்சை மாதிரியான வாசம்தான் வரும்.

ஹெஃபவைசன்ங்கற ஜெர்மன் கோதுமை பீர்தான் நம்ம ஊர்ல இருந்து முதல் தடவை வர்றவங்களுக்கு நான் சொல்றது. பாதிக்கு மேல கோதுமை மால்ட். கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனதும் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் வரும், ஆனா ரெண்டையும் யாரும் போடல, அந்த ஈஸ்ட்டே உண்டாக்கறது. வாழைப்பழத்துல இருக்கற அதே பொருளைத்தான் ஈஸ்ட்டும் செய்யுது, ஐசோஅமைல் அசிடேட்னு பேர். இதை முதல் தடவை கேட்டப்போ நான் கிளாஸை கீழ வச்சுட்டு திரும்ப எடுத்து மோந்து பார்த்தேன், ஒரு கண்ணுக்குத் தெரியாத உயிர் ரஸ்தாளி வாசத்தை உண்டு பண்ணுதுன்னா எனக்கு அது இன்னிக்கும் ஆச்சரியம்தான். நொதிக்க விடுற சூட்டை கூட்டினா வாழைப்பழம் அதிகமா வரும், குறைச்சா கிராம்பு முன்னாடி வரும், அதனால ஒரே பேர்ல ரெண்டு ப்ரூவரியில குடிச்சாலும் ஒரே மாதிரி இருக்காது.

ஐபிஏ கசப்பு. ஹாப்ஸை அதிக நேரம் கொதிக்க வச்சா கசப்பு தரும், கடைசியில போட்டா வாசம் தரும், சாத்துக்குடி தோல், மாங்காய், கொய்யா, சில சமயம் மரப்பிசின் மாதிரி. பாகற்காய் பொரியல் பிடிக்கறவங்களுக்கு ஐபிஏ சீக்கிரம் பிடிக்கும்னு என் அனுபவம். கொஞ்சம் ஆல்கஹாலும் கூட, 6 சதவீதத்துக்கு மேல இருக்கலாம்.

கடைசியா ஸ்டவுட். வறுத்த பார்லி, அதனால காபி, சாக்லேட், கருப்பட்டி. இதை ஜில்லுன்னு குடிக்காதீங்க, பத்து டிகிரிக்கு மேல வர்ற வரைக்கும் கையில வச்சுக்கிட்டே இருங்க. ஏற்காட்டுல வாங்கின ரெண்டு காபியில எது இதுல தெரியுதுன்னு யோசிங்க, எனக்கு பெரும்பாலும் கருக வறுத்ததுதான் தெரியும், ஒரே ஒரு தடவை ஒரு ஸ்டவுட்ல லேசா வறுத்ததோட புளிப்பு வந்து, அன்னிக்கு முழுக்க அதைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தோம்.

அளவு கணக்கு. நூறு மில்லி வீதம் ஆறு கிளாஸ், சராசரி 5 சதவீதம்னு வச்சா சுத்த ஆல்கஹால் 30 மில்லி. ஏழரை சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒண்ணுல கிட்டத்தட்ட 49 மில்லி இருக்கு. அதாவது ஆறு வகை ருசி பார்த்தும் ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை விட கம்மி. ஆறுக்கு மேல போனா நாக்கு எதையும் பிரிச்சு சொல்லாது, அங்கேயே நிறுத்திடலாம்.

ஸ்டெப் 6: ட்ரிப் பிளான்

எந்த இடம்ங்கறதுக்கு, லாவெல் ரோட்ல தி பியர் கிளப் 2011ல ஆரம்பிச்சு பெங்களூரோட முதல் மைக்ரோப்ரூவரின்னு பேர் எடுத்தது, இந்திரா நகர்ல டாய்ட், வைட்ஃபீல்ட்ல விண்ட்மில்ஸ், அமெரிக்காவோட மிச்சிகன்ல இருந்து வந்த ஆர்பர் ப்ரூவிங்னு நிறைய இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு இடம். மூணு இடம் பார்க்கறேன்னு கிளம்பினா டிராஃபிக்தான் பார்ப்பீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி ரெண்டே கேள்வி: இன்னிக்கு டேப்ல, அதாவது குழாய்ல, என்னென்ன பீர் ஓடுது, சாம்பிளர் உண்டா. சின்ன கிளாஸ் நாலஞ்சு ஒரே தட்டுல தர்றதுக்கு பேர்தான் சாம்பிளர்.

செவ்வாய்ல இருந்து வியாழனுக்குள்ள, மதியம் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போங்க. சனிக்கிழமை நைட் பாட்டு சத்தத்துல பக்கத்துல இருக்கறவர் பேசறதே கேக்காது, இதுல காய்ச்சறவர்கிட்ட எங்க பேசறது. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், தேர்தல் நேரம் எல்லாம் டிரை டே, தேதியை முன்னாடியே பார்த்துக்கோங்க. வயசு காட்டற அடையாள அட்டை ஒண்ணு கையில இருக்கட்டும்.

போறதுக்கு ரயில்தான் என் முதல் ஓட்டு. கோயமுத்தூர் பெங்களூரு வந்தே பாரத் சேலம், தர்மபுரி, ஓசூர் வழியா பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு போகுது, அங்க இருந்து இந்திரா நகர் ஆட்டோ தூரம்தான். அது திரும்பறது மதியமே, அதனால அன்னிக்கே அதுல திரும்ப முடியாது, ஒரு நைட் தங்கற மாதிரி பிளான் பண்ணுங்க, தங்கறதே இந்த ட்ரிப்புக்கு நல்லது. பஸ்னா புது பஸ் ஸ்டாண்டுல இருந்து அடிக்கடி இருக்கு. ஓசூர் ரோட் வழியா வர்றவங்க 2025 ஆகஸ்ட்ல திறந்த மஞ்சள் லைன் மெட்ரோவை பொம்மசந்திராவுல பிடிச்சு ஆர்.வி. ரோடு வந்து பச்சை லைன், மெஜஸ்டிக்ல ஊதா லைன்னு மாறினா இந்திரா நகர்லயே இறங்கலாம், சில்க் போர்டு நெரிசல்ல நிக்க வேண்டாம்.

கார்லதான் போகணும்னா, சுமார் இருநூறு கிலோமீட்டர், ஒரு சொட்டு கூட குடிக்காத ஒருத்தர் ஓட்டணும், முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க. நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் சட்ட வரம்பு, மாட்டினா முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ. அதை விட, திரும்பி வர்ற வழியில தொப்பூர் கணவாய் இருக்கு. அந்த இறக்கத்துல லாரிகளுக்கு நடுவுல நடந்த விபத்துகளை சேலம், தர்மபுரிக்காரங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்ல. தெளிவா இருக்கறவங்களுக்கே கஷ்டமான ரோடு அது.

ஸ்டெப் 7: போய் உக்காந்தப்புறம்

சாப்பிட்டுட்டு போங்க, வெறும் வயித்துல வேண்டாம், ஆனா காரம் கம்மியா. சாம்பிளர் வந்ததும் குடிக்காதீங்க, எந்த கிளாஸ் எதுன்னு ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிக்கோங்க, நாலாவது கிளாஸ்ல கண்டிப்பா மறந்துடும்.

கூட்டம் கம்மியா இருந்தா டேங்க்கை பக்கத்துல பார்க்கலாமான்னு மரியாதையா கேளுங்க, நான் கேட்ட இடங்கள்ல பாதிப் பேர் சந்தோஷமா கூட்டிட்டு போனாங்க. என்ன கேக்கறது? இப்போ டேங்க்ல என்ன நொதிக்குது, எத்தனை நாள் ஆச்சு, மால்ட் எங்க இருந்து வருது, இந்த ஊர் தண்ணிக்கு என்ன பண்றீங்க. தண்ணிக் கேள்வி கேட்டா அவங்க முகமே மாறும், ஏன்னா யாரும் கேக்காத கேள்வி, பீர்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணிதான்.

குறையையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. லேசான பீர்ல வெண்ணெய், பாப்கார்ன் வாசம் தூக்கலா வந்தா நொதிக்கற வேலை முழுசா முடியல. பச்சை ஆப்பிள் வாசம்னா இன்னும் இளசு. வேகவச்ச சோளமோ முட்டைக்கோஸோ வந்தா கொதிக்க வச்சதுல குறை. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்னா காத்து பட்டு பழசாயிடுச்சு. நான் ஒரு இடத்துல வினிகர் மாதிரி புளிச்ச வெளிர் பீரை குடிச்சுட்டு, ஸ்டைலே அப்படித்தான் போலன்னு பேசாம வந்துட்டேன், அது பீர் வர்ற குழாய் சுத்தம் இல்லாததால வர்ற கோளாறுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. இப்போ மெதுவா சொல்லிடுவேன், "இது இப்படித்தான் இருக்கணுமாங்க?"ன்னு கேட்டா போதும், நல்ல இடம்னா அவங்களே மோந்து பார்த்துட்டு மாத்திக் கொடுத்துடுவாங்க.

கடைசியா பிடிச்சது எதுவோ அதுல மட்டும் ஒரு முழு கிளாஸ், பாதி பாதியா பகிர்ந்தாலும் சரி, சாப்பாட்டோட. பெல்ஜியன் விட்டுக்கு மீன் வறுவல், ஸ்டவுட்டுக்கு சுக்கா, இது என் ருசி.

ஸ்டெப் 8: திரும்பறது

அங்க நல்லா இருந்துச்சேன்னு எதையும் வண்டியில வச்சு கொண்டு வராதீங்க. வேற மாநில சரக்கை அனுமதி இல்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது குத்தம், எல்லையில இருக்கற அத்திப்பள்ளி தாண்டினா செக்கிங் இருக்கும். கொண்டு வந்தாலும் அந்த ஃப்ரெஷ் பீர் தொப்பூர் வர்றதுக்குள்ள சூடாகி ருசி போயிடும்.

நைட் தங்கி நல்லா தண்ணி குடிச்சு தூங்கி, காலையில தெளிஞ்சப்புறம் கிளம்புங்க. ரயில்ல உக்காந்ததும் நோட்டை எடுத்து ஒவ்வொருத்தர் எழுதினதையும் சத்தமா படிங்க, ஒரே பீருக்கு நாலு பேர் நாலு விதமா எழுதியிருப்பீங்க. எங்க நோட்ல தம்பி எழுதின வரி "கடையில மல்லி மூட்டை பிரிச்சதும் வர்ற முதல் வாசம், ரெண்டாவது நாள் வாசம் இல்ல". மாம்பழ சீசன்ல சில ப்ரூவரிகள்ல மாம்பழ பீர் போடுவாங்க, அதுக்கு முன்னாடி நம்ம சேலம் மல்கோவாவை தோலோட மோந்து பார்த்து ஒரு பக்கம் எழுதி வச்சுட்டு போறதா இருக்கோம்.